ஒரு வாளிக் கல்லும் ஒரு பொய்யும்

மோனை,

பொதியைத் துறையில் நின்றபடி அவிழ்க்காதே. சோளகக் காற்று இன்னும் முழுதாக ஓயவில்லை. இந்தத் தாள்களில் ஒன்று காற்றோடு போனாலும் நெடுந்தீவு முழுக்க என் குற்றத்தைப் படித்துவிடும். அறைக்குப் போய் முகம் கழுவி, அப்பா பொதிக்குள் வைத்திருக்கும் பயற்றம் பணியாரத்தில் இரண்டைத் தின்றுவிட்டு, கதிரையில் இருந்து படி. வெறும் வயிற்றில் படிக்கிற கடிதமில்லை இது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் வாயைத் திறந்தால் முப்பது வருடப் பழக்கத்தில் நான் ரீச்சராகிவிடுவேன். என் பிழையைச் சொல்லத் தொடங்கி, முடிக்கும்போது உன்னை ஏசிக்கொண்டிருப்பேன். பேனை பிடித்தால் கொஞ்சம் அடக்கம் வருகிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். உனக்கும் வதனிக்கும் பொருத்தம் இருக்கிறது. பத்தில் எட்டுப் பொருத்தம். மாசி மாதம் அவர்கள் வீட்டில் முறைப்படி சாதகக் குறிப்பை அனுப்பினார்களே, அதையும் உன்னுடையதையும் நயினாதீவு ஐயரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இப்பிடிப் பொருந்தி வாறது குறைவு பிள்ளை, யோசிக்காமல் செய்யுங்கோ” என்றார். நான் வீட்டுக்கு வந்து உன்னிடம், “பொருந்தேல்லையாம் தம்பி, செவ்வாய் குறுக்கை நிக்குதாம்” என்றேன். நீ “சரி அம்மா” என்றாய். பாதிச் சோற்றோடு எழும்பிக் கை கழுவினாய். ஐயர் எழுதித் தந்த தாள் அலுமாரியில் என் கூறைச் சேலைக்குக் கீழே இருக்கிறது. வாழ்நாளில் ஒரு நாள்கூடச் சாத்திரம் பார்க்காத உயிரியல் ரீச்சர், முதல் தடவை சாத்திரத்தைக் கையில் எடுத்தது சொந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்வதற்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து உன் ஆஸ்பத்திரி வேலைக்கான மாற்றல் படிவத்தை மேசையில் வைத்தாய். வவுனியாவுக்குக் கேட்கப் போகிறாய், மாத முடிவில் கொடுக்கப் போகிறாய். “ஆஸ்பத்திரிக்கும் அவவின்ரை பள்ளிக்கூடத்துக்கும் இடையிலை ஒரு மதில்தான் அம்மா. ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது” என்று சொன்னாய். நான் உன் சோற்றில் இன்னும் கொஞ்சம் சொதி விட்டேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கடிதம் அந்தப் படிவத்துக்காகத்தான். சனிக்கிழமை வரைக்கும் அதைக் கொடுக்காதே. பிறகு கொடுப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம். ஆனால் நான் சொன்ன பொய்யின் மேல் நின்றுகொண்டு நீ எந்த முடிவும் எடுக்கக்கூடாது, ராசா.

ஏன் பொய் சொன்னேன் என்பதுதான் பெரிய கதை. எங்கள் சுருவிலில் இருந்து ஒரு பெடியன் நெடுந்தீவுக்கு மாப்பிள்ளையாகப் போவதா, எங்கள் முறைப்படி பெண் வீட்டில்தானே இருக்க வேண்டும், அந்தக் கடலைத் தாண்டி என் பிள்ளையை நான் எப்போது பார்ப்பேன், இப்படியெல்லாம் நான் அப்பாவிடம் புலம்பினேன். அவரும் நம்பினார். நானும் பாதி நம்பினேன். அது காரணமில்லை. காரணம், நீ சின்ன வயதில் “படக்குப் பாசி” என்று பெயர் வைத்தாயே, அந்தக் கடற்பாசி.

உனக்கு நினைவிருக்கும். அப்பா தெற்கில் கடையோடு இருந்த காலம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். சனிக்கிழமைகளில் நான் உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மண்கும்பான் கரைக்குப் போவேன். எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பாசி சேர்க்க வேண்டும், உன்னைத் தனியே விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. கரையில் ஒதுங்கிய பழுப்புப் பாசியில் மிளகளவு காற்றுப்பைகள் இருக்கும். நீ வெறுங்காலால் அவற்றை மிதித்து ஒவ்வொன்றாகப் படக், படக் என்று வெடிக்க வைப்பாய். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் நான் கத்துவேன். உன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் மீன் மாதிரி நீந்த, நீ கரையில் நின்று பாசி வெடித்தாய். அப்பா இல்லாத வீட்டில் உனக்கு ஏதும் நடந்தால் நான் யாருக்குப் பதில் சொல்வது என்ற பயம். தீவில் பிறந்தவனுக்கு முப்பது வயது வரை நீந்தத் தெரியாமல் போனது அந்தப் பயத்தால்தான். நெடுந்தீவுக்குப் போய் ஆறாம் மாதம், “அம்மா, நான் நீந்தப் பழகீட்டன்” என்று போன் எடுத்தாயே. நான் “கவனம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு குசினிக்குள் போய் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான், ஆனால் கொஞ்சம் வெட்கத்திலும்.

அப்படிச் சேர்த்த பாசிகளை ஒற்றுத்தாளுக்குள் வைத்து, மேலே உன் சமூகக்கல்விப் புத்தகங்களை அடுக்கி உலர்த்துவேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அவை வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு தாளின் கீழும் ஒரு துண்டு: எங்கே எடுத்தது, சேகரித்தவர் யார், இனங்கண்டவர் யார். இனங்கண்டவர் என்ற இடத்தில் எல்லாம் என் பெயர். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். அவற்றில் இரண்டு தாள் என் செல்லம். ஒன்று மண்கும்பான் பாசி: முழங்கை நீளம், மெல்லிய அகன்ற இலை, ஓரமெல்லாம் சுருக்கம், கொத்துக் கொத்தாகக் காற்றுப்பை. மற்றது நெடுந்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு கடற்தொழிலாளி கொண்டுவந்து தந்தது: நடுவிரல் உயரம்கூட இல்லை, இலை ஒடுங்கித் தடித்திருக்கும், காற்றுப்பை ஒன்றோ இரண்டோ. இவை இரண்டும் இரண்டு வேறு இனம் என்று எழுதித் தொங்கவிட்டேன். ஒரு பிள்ளையிடமோ புத்தகத்திடமோ கேட்டுச் சரிபார்க்கவில்லை. பார்த்தாலே தெரிகிறதே, இதற்கு என்ன கேள்வி என்று நினைத்தேன். அதையே வருடா வருடம் படிப்பித்தேன்.

நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், உயர்தரத்தில் உயிரியல் படிக்க நெடுந்தீவில் இருந்து ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள். அங்கே அந்தப் பாடத்துக்கு ரீச்சர் இல்லை. வேலணையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தாள். மெலிந்த, கறுத்த பிள்ளை, முன்வரிசையில் இருப்பாள், கேட்டால் மட்டும் பேசுவாள். ஒரு நாள் நான் அந்த இரண்டு தாளையும் கையில் பிடித்துக்கொண்டு வித்தியாசங்களைச் சொல்லச் சொன்னேன். அவள் எழும்பி, “ரீச்சர், ரெண்டும் ஒண்டுதான்” என்றாள். நான் “என்ன?” என்றேன். “எங்கட ஊரிலை மேற்குப் பக்கம் அலை அடிக்கிற கல்லிலை இது இருக்கும். மறைப்பான பக்கம் அது இருக்கும். கரையாலை நடந்து போனா, போகப் போக ஒண்டு மற்றதாய் மாறிக்கொண்டு போகும் ரீச்சர். எந்த இடத்திலை மாறுது எண்டு சொல்ல ஏலாது” என்றாள்.

இப்போது அந்த வார்த்தைகளை எழுதும்போது கை கூசுகிறது. இவ்வளவு சுத்தமான ஒரு அவதானிப்பை என் முப்பது வருடத்தில் வேறு எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை. ஒரு நல்ல ரீச்சர் அந்த இடத்தில் சோக்கட்டியை வைத்துவிட்டு, “வா, போய்ப் பாப்பம்” என்று சொல்லியிருப்பாள். நான் சிரித்தேன். முழு வகுப்பும் கேட்கும்படி, “நெடுந்தீவிலை கழுதையையும் குதிரை எண்டுதான் சொல்லுவினமோ?” என்று கேட்டேன். அங்கே காட்டுக் குதிரைகள் அலைகின்றனதானே, வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு இனித்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு, “சரியான பதில் வருமட்டும் நில்லும்” என்றேன். அவள் பாடம் முடியும் வரைக்கும் நின்றாள். அழவில்லை. பதிலை மாற்றவும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் அவளைக் குதிரை என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நடக்கும்போது பின்னால் நாக்கால் டக்டக் என்று சத்தம் போடுவார்கள். என் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் சொன்னது பிழை என்று ஆகிவிடுமே என்று பேசாமல் இருந்தேன். மூன்று கிழமை கழித்து அவளுடைய மேசை வெறுமையாக இருந்தது. ஊருக்குப் போய்விட்டாள், கலைப்பிரிவு படிக்கப் போகிறாளாம் என்று யாரோ சொன்னார்கள். நான் வகுப்பு இடாப்பில் பெயரைக் கோடு போட்டு வெட்டினேன். அந்தப் பெயர் வதனி.

அதனால்தான் நீ தை மாதம் வந்து, முகமெல்லாம் பல்லாக, “அம்மா, அவ உங்களிட்டைப் படிச்சவவாம்” என்று பெயரைச் சொன்னபோது நான் முதல் வேலையாக “என்ன சொன்னவ என்னைப் பற்றி?” என்று கேட்டேன். “கொஞ்ச நாள்தான் படிச்சவவாம், நல்லாப் படிப்பிப்பியளாம்” என்றாய். அவள் உன்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை, தம்பி. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும், வாதாடியிருப்பேன். நீ மேலும் மேலும் அவளைப் புகழ்ந்தாய். தான் படிப்பிக்கும் சிறு பிள்ளைகளைக் கடல் வற்றும் நேரம் கரைக்குக் கூட்டிக்கொண்டு போவாளாம், என்ன பார்த்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, சொன்ன எல்லாவற்றையும் பலகையில் எழுதுவாளாம். “ஒரு பிள்ளையையும் பிழை எண்டு சொல்லமாட்டா அம்மா, திருப்பிப் பாத்திட்டு வாங்கோ எண்டுதான் சொல்லுவா” என்றாய். அவள் அதை யாரிடமிருந்து, எப்படி நடக்கக்கூடாது என்று பார்த்துப் பழகினாள் என்பது உனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளையின் முகத்தில் முழிக்க வேண்டும், ஒரு நாள் அவள் உன்னிடம் சொல்லிவிடுவாள், நீ என்னை வேறு கண்ணால் பார்ப்பாய். இதற்குத்தான் நான் பயந்தேன். செவ்வாயின் மேல் பழியைப் போட்டேன்.

சித்திரையில் எனக்கு ஒரு புத்தி வந்தது. நல்ல புத்தி என்று நினைக்காதே. வதனி சொன்னது பிழை என்று நிரூபித்துவிட்டால் என் மனம் ஆறிவிடும் என்று கணக்குப் போட்டேன். பேசிய முறை பிழை, ஆனாலும் விஷயம் சரி என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? அதற்காகத்தான் உன்னிடம், நெடுந்தீவு மேற்குக் கரையில் கட்டைப் பாசி பிடித்திருக்கும் கல் நாலைந்து எடுத்துக்கொண்டு வா என்று கேட்டேன். நீ ஒரு வாளி நிறையக் கல்லை ஈரச் சாக்கால் மூடி, படகில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். குறிகட்டுவான் துறையில் பஸ்காரன், “என்ன தம்பி, எங்கட தீவிலை கல்லுக்குத் தட்டுப்பாடோ?” என்று கேட்டானாம். வீட்டுக்கு வந்து வாளியை இறக்கிவிட்டு, “அம்மா, உங்களுக்கு விசரே?” என்றாய். உன் மனம் நொந்திருந்த காலம் அது, நொந்தவன் என்று தெரிந்தும் நான் உன்னை வேலை வாங்கினேன், நீயும் முகம் சுளிக்காமல் செய்தாய். பிறகு சொன்னாய், “வதனிதான் தெரிஞ்செடுத்துத் தந்தவ. பிடுங்கினா சரிவராது, பிடிச்ச கல்லோடை கொண்டு போங்கோ எண்டவ. ரீச்சரிட்டை மண்கும்பான் கல்லும் நாலு வாங்கிக்கொண்டு வாங்கோ, நான் இஞ்சை வைக்கிறன் எண்டும் சொன்னவ.”

நான் திகைத்துப்போய் நின்றதை நீ கவனித்திருக்கமாட்டாய். நான் எதற்காகக் கல் கேட்டேன் என்று அவள் அந்த நிமிடமே விளங்கிக்கொண்டுவிட்டாள். அது மட்டுமில்லை. அங்கிருப்பதை இங்கே வைத்துப் பார்த்தால் பாதிதான், இங்கிருப்பதையும் அங்கே வைத்துப் பார்க்க வேண்டும். பரிசோதனை என்றால் அதுதான் பரிசோதனை. உயிரியல் ரீச்சர் மறந்ததை, உயிரியல் படிக்க விடாமல் நான் துரத்திய பிள்ளை நினைவூட்டி அனுப்பினாள். நான் அடுத்த நாளே அப்பாவை மண்கும்பானுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று, “கடையிலை மிளகாய் நிறுத்தன், மா நிறுத்தன், இந்த வயசிலை பாசிக்குக் காவல் நிக்க விட்டிட்டீர்” என்று முணுமுணுத்தபடி உன் வாளியில் வந்த கற்களைக் கம்பிவலைக் கூட்டுக்குள் வைத்துக் கட்டினார். நீ திரும்பிப் போகும்போது வாளியில் மண்கும்பான் கல் நாலு போனது.

பிறகு கிழமைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். சோளகம் அடித்த மாதங்களிலும் மண்கும்பானில் புங்குடுதீவு மறைத்துக்கொண்டு நிற்க, தண்ணீர் தட்டில் ஊற்றியது போலத்தான் கிடந்தது. முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை, எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டாம் மாதம் நுனியில் புதுத் துளிர் வந்தது. மெல்லிய துளிர். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நாலாம் மாதம் ஒன்றைக் கையில் எடுத்தபோது வாதாட ஒன்றுமே மிச்சமிருக்கவில்லை. அடியில் நெடுந்தீவில் வளர்ந்த இலை, தடித்தது, ஒடுங்கியது, அப்படியே இருந்தது. அதே தண்டின் மேலே மண்கும்பானில் வளர்ந்த இலை, அகன்று, ஓரம் சுருக்கம் விழுந்து, காற்றுப்பையோடு மிதந்தது. என் செல்லத் தாள் இரண்டும் ஒரே தண்டில். நடுவில் எங்கே கோடு போடுவது என்று பார்த்தேன், முடியவில்லை. வதனி அன்றைக்கே சொன்னாளே, எந்த இடத்தில் மாறுகிறது என்று சொல்ல முடியாது என்று.

வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களை எடுத்து, முப்பது வருடத்துக்கு முன்னர் வாசித்திருக்க வேண்டியதை வாசித்தேன். அலை அடிக்கும் இடத்தில் பாசிக்குச் சாப்பாடு தண்ணீரோடு வந்துகொண்டே இருக்கும், கிழிபடாமல் இருப்பதுதான் அதற்குப் பாடு. ஆகவே கட்டையாக, இறுக்கமாக, கல்லைப் பிடிக்கும் அடி அகலமாக வளர்கிறது. அது வேரில்லை, வெறும் பிடிதான், ஆனால் அந்தப் பிடியில்தான் உயிர். அமைதியான தண்ணீரில் கிழிபடும் பயம் இல்லை. ஆனால் அசையாத தண்ணீரில் சாப்பாடும் அசையாது. அதனால் இலையை அகலமாக்கி, ஓரத்தில் சுருக்கம் போட்டு, கிடைப்பதை வாங்கிக்கொள்ளப் பார்க்கிறது, வெளிச்சத்தைத் தேடிக் காற்றுப்பையோடு மேலே மிதக்கிறது. இதை வாசித்தபோது உன்னைத்தான் நினைத்தேன். உன்னை நான் அமைதியான தண்ணீரில் வைத்து வளர்த்தேன், அது உனக்குச் சுகம் என்று நினைத்தேன். அங்கேயும் உனக்கு ஒரு பட்டினி இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நெடுந்தீவிலிருந்து முதல் தடவை வந்தபோது நீ தோள் அகன்று, கறுத்து, உரத்துச் சிரித்துக்கொண்டு வந்தாய். கத்தரிக்காயை மட்டும் பழையபடி தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாய்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் நீ போனை எடுத்து ஒரு படம் காட்டினாய். “மறந்துபோனன், வதனி காட்டச் சொல்லி அனுப்பினவ” என்றாய். மண்கும்பானிலிருந்து போன கற்கள். முதல் பெருங்காற்றிலேயே நீள இலையெல்லாம் அறுந்து போய்விட்டதாம், நாலு கல்லும் மொட்டையாகக் கிடந்ததாம். அவள் எடுத்து எறியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு ஒவ்வொரு கிழமையும் அந்தக் காற்றுக்குள் போய்ப் பார்த்திருக்கிறாள். படத்தில் மூன்று கல்லில் கட்டையாய், தடிப்பாய், புதிதாக முளைத்திருந்தது. “ஒண்டு செத்துப்போச்சாம். மூண்டும் கல்லை விடேல்லையாம். ரீச்சரிட்டைச் சொல்லச் சொன்னவ” என்றாய். அவ்வளவுதான் செய்தி. நீ சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாய். நான் குசினிக்குள் ஓடிவிட்டேன், பால் பொங்குகிறது என்று. அடுப்பில் பால் இருக்கவில்லை.

நீ போன பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்குப் பாதி தெரிந்துதான் இருந்திருக்கிறது. வைகாசியில் கோயில் பொங்கலுக்கு அலுமாரியிலிருந்து சேலை எடுத்துத் தந்தபோது ஐயரின் தாளைப் பார்த்தாராம். “பிறகு ஏன் வாயைத் திறக்கேல்லை?” என்று அவர் மேல் பாய்ந்தேன். “நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்” என்றார். பிறகு, “நீர் வகுப்பிலை விட்ட பிழைக்கு உம்மடை பிள்ளையை ஏனப்பா முட்டுக்காலிலை விட்டிருக்கிறீர்?” என்று கேட்டார். வியாபாரி கேட்கும் கேள்வியா இது? கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் என்னை ஏசியது அந்த ஒரு தடவைதான்.

தாய் எழுதும் கடிதத்தில் புத்தி சொல்லாவிட்டால் நீயே நம்பமாட்டாய், ஆகவே கொஞ்சம் சொல்கிறேன். வதனி உன்னைக் கட்டச் சம்மதித்தால், அவள் வீட்டுக்குப் போய் இருக்கப் போகிறவன் நீ. அங்கே தண்ணீர் எங்கே அள்ளுவது, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்த யன்னலைச் சாத்துவது என்பதை அவளிடமும் அவள் வீட்டாரிடமும் கேள். எங்கள் வீட்டில் இப்படித்தான் என்று ஒரு நாளும் தொடங்காதே. மற்றவர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காக அவளைப் பற்றி ஒரு பகிடிகூட விடாதே, சின்னதாகக்கூட. பகிடி விட்டவர் மறந்துவிடுவார். அவள் சொல்வது உனக்குப் பிழையாகப் பட்டால், வாயைத் திறக்க முதல் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வா. பாதிக்கு மேல் அவள்தான் சரியாக இருப்பாள், உன் தாயின் அனுபவம் அது. என்னோடு அவளுக்கு ஏதும் முரண்பாடு வந்தால் எனக்காக வக்காலத்து வாங்காதே. என் பழைய இலைகள் இனி மெல்லியதாக மாறாது மோனை, இந்த வாய் இப்படித்தான் இருக்கும். நுனியில் ஏதும் துளிர்த்தால் அதை மட்டும் பாருங்கள்.

ஆனால் அவள் சம்மதிப்பாள் என்று நீ எண்ணிக்கொள்ளாதே. பொருத்தம் இருக்கிறது என்பது ஐயர் சொன்னது. இப்படி ஒரு மாமி வேண்டுமா என்பது அவள் சொல்ல வேண்டியது. வேண்டாம் என்று சொன்னால் அவள் மேல் ஒரு சொல் குறை சொல்லாதே. குறை சொல்வதென்றால் என்னைச் சொல். இதை வாசித்த பிறகு நீ என்னோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாலும் நான் தாங்கிக்கொள்வேன். சாப்பிட்டாயா என்பதை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடு. உன்னைப் போல ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நான் அந்தப் பொய்யைச் சொன்னேனே. என்னை மன்னித்துவிடு, ராசா.

நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆய்வுகூடத்தில் அந்த இரண்டு தாளும் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன, இப்போது அங்கே ரீச்சராக இருக்கும் பிள்ளையும் இரண்டு இனம் என்றுதான் படிப்பிக்கிறாள். கழற்றித் தரச் சொல்லி வாங்கி வந்தேன். இரண்டையும் ஒரே அட்டையில் ஒட்டி, நடுவில் என் கையில் வளர்ந்த அந்த ஒற்றைத் தண்டை வைத்தேன். கீழே புதிய துண்டு எழுதினேன். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். இனங்கண்டவர் என்ற இடத்தில் அவள் பெயர். கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது அவளுடையது. திரும்பப் பள்ளிக்கூடத்தில் தொங்கவிட அவளுடைய அனுமதி கேட்க வேண்டும்.

சனிக்கிழமை காலைப் படகில் வருகிறேன். முப்பது வருடம் தீவுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தும், கடல் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி ஒரு நாள்கூட அந்த மண்ணை மிதிக்காதவள் நான். குறிகட்டுவான் வரை அப்பா கூட்டிக்கொண்டு வருவார், முகர்ந்துகொள்ளத் தேசிக்காய் நாலும் வாந்திக்குப் பை இரண்டும் எடுத்து வைத்திருக்கிறார். தானும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். நீ துறைக்கு வந்து என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அவள் வீட்டுப் படலையைக் காட்டினால் போதும். வதனியைத் துறைக்கு வரச் சொல்லாதே, இந்தக் கடிதத்தில் இருப்பதையும் அவளிடம் சொல்லாதே, அதை நானே சொல்ல வேண்டும். நீ படலையடியில் நின்றுகொள்.

பாடம் முடியும் வரைக்கும் அவளை எழுப்பி நிற்க வைத்தவள் நான். அவள் வீட்டுக்குள் போய், அந்த அட்டையை அவள் கையில் கொடுத்து, சொல்ல வேண்டியதை நின்றுகொண்டுதான் சொல்வேன். “இருங்கோ ரீச்சர்” என்று அவள் கதிரையைக் காட்டினால் இருப்பேன். அதுவரைக்கும் நிற்பேன்.

அம்மா